அரசு வேலையும் பொதுச் செலவும் பொருளாதாரத்தைத் தாங்குகின்றனவா, அழுத்துகின்றனவா?

நண்பர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி சுருக்கமாக இது: "அரசு ஊழியர்கள் எதையும் உற்பத்தி செய்வதில்லை, தனியார் உழைத்துக் கட்டும் வரியில்தான் அவர்கள் வாழ்கிறார்கள். தமிழ்நாட்டின் வருவாயில் பாதிக்கு மேல் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்குமே போய்விடுகிறதாம். அப்படியிருக்க, காலியிடங்களை நிரப்புங்கள், புதிய பணியிடங்களை உருவாக்குங்கள் என்று கேட்பது பொருளாதாரத்துக்கு உதவியா, சுமையா?" கேள்வி ஊழியர்களைப் பற்றியதாகத் தோன்றினாலும், அதற்குள் இருப்பது வேறொன்று என்று நினைக்கிறேன். அந்தப் பணம் வரியாகப் போகாமல் மக்கள் கையிலேயே இருந்திருந்தால், அல்லது அரசு அதைக் கடனாக வாங்காமல் விட்டிருந்தால், இதைவிட நல்ல பலன் கிடைத்திருக்காதா என்பதுதான் அது. நியாயமான கேள்வி. கருவூலத்தில் அரசுச் செலவுப் பட்டியல்களை (பில்களை) சரிபார்த்து அனுமதிக்கும் வேலையில் தொடங்கி, பிறகு நெடுங்காலம் கல்லூரியில் பொது நிதியியல் கற்பித்தவன் என்ற முறையில், எனக்கு உறுதியாகத் தெரிந்ததையும், பொருளியலாளர்களிடையே இன்னும் வழக்கு முடியாமல் இருப்பதையும் பிரித்துச் சொல்ல முயல்கிறேன்.

முதலில் எண்களைச் சரிசெய்துகொள்வோம். தமிழ்நாட்டின் 2025-26 நிதிநிலை அறிக்கையின்படி மாநிலத்தின் மொத்த வருவாய் வரவு ஏறத்தாழ 3.31 லட்சம் கோடி ரூபாய். அதில் சம்பளத்துக்கு ஏறத்தாழ 90,000 கோடியும், ஓய்வூதியத்துக்கும் பிற ஓய்வுக்காலப் பலன்களுக்கும் 41,000 கோடியும் போகின்றன. இரண்டும் சேர்ந்தால் வருவாயில் ஐந்தில் இரண்டு பங்கு, பாதி அல்ல. ஆனால் கடன் வட்டி என்ற வகையில் இன்னொரு 70,000 கோடி ரூபாய் இருக்கிறது. அதையும் சேர்த்தால்தான் ஐந்தில் மூன்று பங்காகிறது. இந்த மூன்றும் அரசு நினைத்தால் அந்த ஆண்டிலேயே குறைத்துவிட முடியாத செலவுகள் என்பதால், இவற்றை ஒன்றாகக் கூட்டிப் பேசும் வழக்கம் வந்தது. அப்படிக் கூட்டிய தொகையைச் சம்பளம் என்று சொல்லும்போதுதான் பிழை நேர்கிறது. வட்டிக்குப் போகும் பணத்துக்கு இன்று வேலை பார்க்கும் ஊழியர் பொறுப்பல்லர். பழைய ஆண்டுகளில் வருவாய்க்கு மேல் செலவு செய்த அத்தனை முடிவுகளும் பொறுப்பு.

"எதையும் உற்பத்தி செய்வதில்லை" என்ற கூற்றை நான் ஏற்கவில்லை. அது தோன்றுவதற்குக் காரணம் உண்டு. அரசுப் பள்ளியில் நடத்தப்படும் பாடத்துக்கோ, கிராம நிர்வாக அலுவலர் தரும் சான்றுக்கோ சந்தை விலை கிடையாது. ஆகவே தேசிய வருமானத்தைக் கணக்கிடுவோர் அந்தப் பணிகளின் மதிப்பை அவற்றுக்கு ஆகும் செலவைக் கொண்டே, பெரும்பாலும் சம்பளத்தைக் கொண்டே, அளக்கிறார்கள். இதனால் இரண்டு பக்கமும் ஏமாற இடமுண்டு. சம்பளம் உயர்ந்ததும் பொருளாதாரம் வளர்ந்துவிட்டதாக ஒருவர் காட்டலாம். சந்தையில் விற்காத எதுவும் உற்பத்தியே அல்ல என்று இன்னொருவர் வாதிடலாம். பணியின் உண்மையான பலன் அந்த அலுவலகத்துக்கு வெளியே, வேறொருவருடைய கணக்கில் வருகிறது. அங்கே போய்த்தான் அதைத் தேட வேண்டும்.

திருப்பூரில் ஆர்டர் எடுத்துத் தைத்துக் கொடுக்கும் ஒரு சிறு பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கை அனுப்பியாயிற்று, வந்த காசோலை பணமின்றித் திரும்பிவிட்டது. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவின்கீழ் வழக்குப் போடலாம். புகார் தாக்கலான ஆறு மாதங்களுக்குள் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக ஆண்டுகள் ஓடுகின்றன. காரணம் சட்டத்தில் இல்லை, ஆட்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. பத்து லட்சம் மக்களுக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987இல் பரிந்துரைத்தது. நாம் இன்னும் 21 என்ற அளவிலேயே நிற்கிறோம். நாடு முழுவதும் தேங்கியிருக்கும் வழக்குகள் 5 கோடியைத் தாண்டிவிட்டன. அந்தப் பட்டறைக்காரர் அடுத்த முறை அறிமுகமில்லாத வணிகருக்குக் கடனில் சரக்குத் தரமாட்டார். அவர் எடுக்காமல் விட்ட ஆர்டர், அதற்காக அவர் வேலைக்கு வைக்காத நான்கு தையல்காரர்கள், வாங்காத இயந்திரம் ஆகியவை எந்தப் புள்ளிவிவரத்திலும் வருவதில்லை. ஒரு நீதித்துறை நடுவரையும் அவருக்குத் தேவையான எழுத்தர், சுருக்கெழுத்தாளர், அமீனா ஆகியோரையும் நியமிக்கும் செலவு கருவூலக் கணக்கில் "சம்பளம்" என்றே பதிவாகும். அதன் பலன் முழுவதும் தனியார் துறைக்குப் போகும்.

பொதுச் செலவு தனியார் முதலீட்டை விரட்டிவிடும் என்ற வாதத்துக்கும், அதை அழைத்து வரும் என்ற எதிர்வாதத்துக்கும் இடையே தீர்ப்புச் சொல்ல நம் ஊரிலேயே ஒரு பழைய சான்று இருக்கிறது. உலகப் பெருமந்தக் காலத்தில், 1932இல், சென்னை மாகாண அரசு நீலகிரியின் பைக்காராவில் நீர்மின் நிலையத்தை இயக்கத் தொடங்கியது. அந்த மின்சாரம் கோயம்புத்தூருக்கு இறங்கி வந்தது. அதுவரை தொலைவிலிருந்து ரயிலில் வரும் நிலக்கரியையும் எண்ணெய் எஞ்சின்களையும் நம்பியிருந்த நூற்பாலைத் தொழிலுக்கு மலிவான, தடையில்லாத மின்விசை கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் அங்கே ஆலைகள் வரிசையாக எழுந்தன. கொங்குப் பகுதியின் ஆழக் கிணறுகளில் மின் பம்புசெட்டுகள் இறங்கின. அந்தப் பம்புகளுக்கான மோட்டார்களை அதே ஊரிலேயே வார்த்துச் செய்யும் பட்டறைகள் தோன்றின. ஆலைகளையும் பட்டறைகளையும் கட்டியது அரசு அல்ல. அந்த முதலீடும் துணிவும் தனியாருடையவை. ஆனால் மலை உச்சியிலிருந்து நீரை இறக்கி மின்சாரம் எடுத்து, பல ஊர்களுக்குக் கம்பி இழுக்கும் வேலையை அந்த ஆலை முதலாளிகளில் எவரும் தனித்துச் செய்திருக்க மாட்டார்கள். ஒருவர் போட்ட முதலுக்குப் பலன் நூறு பேருக்குச் சிதறிப் போகும் இடத்தில் தனியார் தயங்குவது இயல்பு. அரசு இறங்க வேண்டிய இடம் அதுதான் என்பதில் பொருளியலாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு கிடையாது.

ஊழியர் சங்கங்கள் வழக்கமாக வைக்கும் வாதம் வேறு. "எங்கள் சம்பளம் எங்கும் போய்விடவில்லை, மளிகைக் கடையிலும் துணிக்கடையிலும் செலவாகி ஊருக்குள்ளேயே சுழல்கிறது" என்பார்கள். சார்நிலைக் கருவூலம் உள்ள எந்தத் தாலுகா ஊரிலும் இது கண்ணால் காணக்கூடிய உண்மை. மாதத்தின் கடைசி வேலை நாளில் சம்பளம் வரவு வைக்கப்பட்டதும், அடுத்த ஒரு வாரம் கடைகளில் பழைய பாக்கி வசூலாகும், நகைச்சீட்டுத் தவணை கட்டப்படும், ஓய்வூதியதாரர் மருந்துக் கடைக்கு வருவார். பெரிய தொழில் ஏதும் இல்லாத தருமபுரி, இராமநாதபுரம் போன்ற மாவட்டங்களில் மாதந்தவறாமல் வரும் நிச்சயமான பணம் இது ஒன்றுதான் என்று சொல்லும் ஊர்கள் உண்டு. சென்னையிலும் திருப்பெரும்புதூரிலும் கோவையிலும் திரளும் வரி அங்கே போய்ச் சேரும் வழிகளில் அரசுச் சம்பளம் முக்கியமானது. ஆனால் பணம் சுழல்வது எந்தச் செலவுக்கும் பொதுவான குணம். அந்த வரியைக் கட்டியவர் தானே செலவு செய்திருந்தாலும் அது எங்கேயோ சுழன்றுதான் இருக்கும். ஆகவே ஒரு பணியிடத்தை நியாயப்படுத்தச் சுழற்சி மட்டும் போதாது. அந்தப் பணியால் என்ன நடந்தது என்று காட்டியாக வேண்டும். விதிவிலக்கு ஒன்றே: மந்தக் காலத்தில், ஆலைகள் பாதித் திறனில் ஓடி, ஆட்கள் வேலையின்றி இருக்கும்போது, அரசுச் செலவு யாரிடமிருந்தும் எதையும் பறிக்காமலேயே உற்பத்தியைக் கூட்டும். பெருந்தொற்றுக் காலம் அப்படிப்பட்டது. எல்லோரும் ஏற்கெனவே முழு வேலையில் இருக்கும் காலத்தில் அதே செலவு விலைவாசியையும் கூலியையும் வட்டியையும் ஏற்றிவிடும்.

அரசு செலவிடும் ஒரு ரூபாய் நாட்டு வருமானத்தை எத்தனை ரூபாய் கூட்டுகிறது என்று அளக்க முயன்றிருக்கிறார்கள். தேசியப் பொது நிதி மற்றும் கொள்கை நிறுவனத்தின் பொருளியலாளர்கள் 2013இல் வெளியிட்ட மதிப்பீட்டில், சாலை, கட்டடம் போன்ற சொத்துகளை உருவாக்கும் மூலதனச் செலவுக்கு 2.45 என்றும், நேரடியாகக் கொடுக்கப்படும் உதவிகளுக்கு 0.98 என்றும், சம்பளம் போன்ற மற்ற வருவாய்ச் செலவுக்கு 0.99 என்றும் வந்தது. சாலை, ரயில் போன்றவற்றுக்கு மத்திய அரசு பெருந்தொகை ஒதுக்குவதற்கு இத்தகைய எண்களே சான்றாகக் காட்டப்படுகின்றன. இந்த மதிப்பீடுகளைப் பயன்படுத்த வேண்டும், ஆனால் அளவோடு நம்ப வேண்டும். கணக்கிடும் முறையை மாற்றினால் எண்ணும் மாறுகிறது. ஒரு மாநிலத்தில் செய்த செலவின் பலனில் பெரும்பகுதி பக்கத்து மாநிலத்துக்குக் கசிந்துவிடலாம். அதைவிட முக்கியமாக, "மூலதனம்", "வருவாய்" என்பவை கணக்குத் தலைப்புகள். நல்ல செலவு, கெட்ட செலவு என்ற பாகுபாடு அல்ல. மார்ச் மாதக் கடைசி நாட்களில் கருவூல மேசையில் வந்து குவியும் பட்டியல்களைப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். ஒதுக்கீடு காலாவதியாகிவிடுமே என்ற அவசரத்தில், ஆள் நியமிக்கப்படாத ஓர் அலுவலகத்துக்கு இரும்பு அலமாரிகளும் மேசைகளும் வாங்கிய பட்டியல் ஒரு பக்கம் இருக்கும். நிதி இல்லை என்று பல மாதம் திருப்பி அனுப்பப்பட்ட, ஆரம்ப சுகாதார நிலையத்தின் பழுதுபார்ப்புச் செலவுக்கான சிறிய பட்டியல் இன்னொரு பக்கம் இருக்கும். விதிகளின்படி முதலாவதை அனுமதித்தாக வேண்டும்; இரண்டாவதை நிறுத்தியாக வேண்டும். பள்ளிக் கட்டடம் மூலதனச் செலவு, அதில் பாடம் நடத்தும் ஆசிரியரின் சம்பளம் வருவாய்ச் செலவு. ஆசிரியர் இல்லாத கட்டடத்துக்கு 2.45 என்ற பெருக்கம் எங்கிருந்து வரும்?

கொடுக்கும் பணம் வீண் என்று பலரும் நினைக்கும் ஒரு திட்டத்தைப் பற்றி நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. 2006இல் தொடங்கிய நூறு நாள் வேலைத் திட்டத்தில், கூலி உரிய ஆளுக்கு உரிய நேரத்தில் போய்ச் சேர்வதற்காகக் கைரேகை அட்டை முறையை ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசம் கொண்டுவந்தபோது, மாவட்டத்தின் உட்பிரிவுகளான 157 மண்டலங்களில் எதற்கு முதலில், எதற்குப் பிறகு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். கார்த்திக் முரளிதரன், பால் நீஹவுஸ், சந்தீப் சுக்தாங்கர் ஆகியோர் அந்த வாய்ப்பைப் பயன்படுத்தி இரண்டு வகை மண்டலங்களையும் ஒப்பிட்டார்கள். முறை சீரான இடங்களில் ஏழைக் குடும்பங்களின் வருமானம் 14 சதவீதம் கூடியிருந்தது. அந்தக் கூடுதலில் 86 சதவீதம் அரசு கொடுத்த கூலியாக வரவில்லை. தனியாரிடம் செய்த வேலைக்குக் கிடைத்த கூலி உயர்ந்ததாலும், வேலையே கூடியதாலும் வந்தது. அரசு வேலை ஒன்று கையில் இருக்கிறது என்பதாலேயே கூலித் தொழிலாளியின் பேரம் பேசும் வலிமை கூடுகிறது. நூறு நாள் வேலையால் வயலுக்கு ஆள் கிடைப்பதில்லை என்று விவசாயிகள் சொல்லும் குறையை நான் ஒதுக்கவில்லை. கூலி உயர்ந்ததன் மறுபக்கம் அது. ஆனால் கூலி உயர்ந்தும் தனியார் வேலை குறையவில்லை, கூடியது என்பதுதான் அந்த ஆய்வில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த செய்தி. செலவின் தொகையைவிட அது போய்ச் சேரும் விதம் எத்தனை முக்கியம் என்பதையும் அது காட்டுகிறது.

இனி ஆட்களின் எண்ணிக்கைக்கு வருகிறேன். அரசு ஊழியர்கள் அதிகமாக இருந்தால் நாடு ஏழையாகும் என்பதற்கு உலக அனுபவத்தில் ஆதாரம் இல்லை. நார்வேயில் வேலை செய்பவர்களில் பத்தில் மூன்று பேர் அரசிடம் இருக்கிறார்கள். ஜப்பானில் ஏறத்தாழ இருபதில் ஒருவர்தான். இரண்டும் பணக்கார நாடுகள். இந்தியாவில் பொதுத்துறை வேலைவாய்ப்பு 1997இல் ஏறத்தாழ 1.95 கோடி என்ற உச்சத்தைத் தொட்டு, 2012இல் 1.76 கோடியாகக் குறைந்தது. அதே காலத்தில் மக்கள்தொகை 25 கோடிக்கு மேல் கூடியது. மத்திய அரசில் மட்டும் 2021 மார்ச் 1 அன்று நிரப்பப்படாமல் இருந்த பணியிடங்கள் 9.79 லட்சம் என்று நாடாளுமன்றத்தில் அரசே பதில் அளித்திருக்கிறது. ஆகவே நம்மிடம் ஊழியர்கள் மிகுதி என்ற கருத்து உண்மைக்கு நேர்மாறானது. வகுப்பறையிலும் வார்டிலும் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் ஆட்கள் போதவில்லை. ஆனாலும் சம்பளச் செலவு கனக்கிறது. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பதே நண்பர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்று எனக்குப் படுகிறது.

விடை, அரசு தரும் ஊதியம் அமைந்திருக்கும் விதத்தில் இருக்கிறது. கீழ்நிலை, இடைநிலைப் பணிகளில் அரசு தரும் ஊதியம், அதே படிப்புக்கும் அனுபவத்துக்கும் வெளியே கிடைப்பதைவிடப் பல மடங்கு அதிகம். மேல்நிலை வல்லுநர் பணிகளில் வெளியே கிடைப்பதைவிடக் குறைவு. ஊதியத்தைக் கூட்டினால் வேலை தானாகச் சிறக்குமா என்பதற்கு இந்தோனேசியாவிலிருந்து தெளிவான சான்று இருக்கிறது. அந்நாட்டின் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, சான்றிதழ் பெற்ற ஆசிரியர்களின் அடிப்படை ஊதியம் இரட்டிப்பானது. குலுக்கல் முறையில் சில பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு அதை முன்கூட்டியே கிடைக்கச் செய்து ஆராய்ந்தபோது, ஆசிரியர்களின் மனநிறைவு கூடியிருந்தது, பகுதிநேரமாக வேறு வேலைக்குப் போவது குறைந்திருந்தது. மாணவர்களின் கற்றலில் எந்த மாற்றமும் இல்லை. இதை வைத்து ஊதியத்தைக் குறைக்கலாம் என்று சொல்வது தவறு. மறுகோடியில் நாம் செய்திருப்பதும் அநீதியே: 2012இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தையல் கற்பிக்க 16,000க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். ஒரே பள்ளியில், ஒரே மணியோசைக்கு வகுப்புக்குப் போகும் இருவரில் ஒருவர் நிரந்தரப் பணியில் முழுப் பாதுகாப்போடும், மற்றவர் மே மாதச் சம்பளம் வருமா என்ற கவலையோடும் இருக்கும் நிலை அங்கிருந்து வளர்ந்தது. நிரந்தரப் பணியிடம் மிகவும் விலை கூடியதாக ஆகிவிட்டதால், அரசு அதை நிரப்பாமல் விட்டு, அந்த வேலையை மலிவான கைகளுக்குத் தள்ளுகிறது.

விலை என்று சொல்வதைக் கணக்கில் பார்க்கலாம். தமிழ்நாட்டில் அகவிலைப்படி அறிவிப்பு வரும்போதெல்லாம் ஊழியர், ஆசிரியர், ஓய்வூதியதாரர், குடும்ப ஓய்வூதியதாரர் எனச் சுமார் 16 லட்சம் பேர் பயன்பெறுவதாகச் சொல்லப்படும். 2025 ஜனவரி 1 முதல் அது 53லிருந்து 55 சதவீதமாக உயர்ந்தபோது ஆண்டுக்குக் கூடுதல் செலவு 1,252 கோடி ரூபாய் என்று அரசு அறிவித்தது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் ஊதியத்தில் புதிதாக 25,000 செவிலியரையும் ஆசிரியரையும் நியமிக்கப் போதுமான தொகை இது. அகவிலைப்படி சலுகை அல்ல, விலைவாசி தின்றுவிட்டதை ஈடுசெய்வது. அதை நிறுத்தச் சொல்வது என் நோக்கமும் அல்ல. ஏற்கெனவே உள்ளவர்களின் ஊதிய அமைப்பில் வைக்கும் ஒவ்வொரு படியும் இன்னும் உள்ளே வராதவர்களின் வாய்ப்போடு போட்டியிடுகிறது என்பதைத்தான் சொல்கிறேன். உள்ளே இருப்பவர்களுக்குச் சங்கம் இருக்கிறது. வெளியே நிற்பவர்களுக்கும், ஆசிரியர் இல்லாத வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் சங்கம் இல்லை.

வெளியே நிற்பவர்களின் வரிசை எவ்வளவு நீளம் என்பதற்கு 2022ஆம் ஆண்டின் குரூப் 4 தேர்வு போதும். முதலில் அறிவிக்கப்பட்டவை 7,301 இடங்கள். விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 22 லட்சம் பேர். இந்தக் காத்திருப்பு பொருளாதாரத்துக்கு ஏற்படுத்தும் இழப்பு எந்த நிதிநிலை அறிக்கையிலும் வராது. குணால் மங்கள் என்ற பொருளியலாளர் தமிழ்நாட்டையே களமாக வைத்து இதை ஆராய்ந்திருக்கிறார். 2001 முதல் 2006 வரை, நிதி நெருக்கடியால், பெரும்பாலான நிர்வாகப் பணிகளுக்கு ஆள் எடுப்பது இங்கே நிறுத்தி வைக்கப்பட்டது. இடங்கள் இல்லையென்றால் இளைஞர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். நடந்தது வேறு: அந்த ஆண்டுகளில் பட்டம் பெற்ற ஆண்கள் வேலையின்றி, தேர்வுக்குப் படித்தபடி, மேலும் நீண்ட காலம் காத்திருந்தார்கள், பின்னாளில் அவர்களுடைய வருமானமும் குறைவாகவே இருந்தது. எனவே ஆள் எடுப்பதை நிறுத்தினால் செலவு மிச்சம் என்பது பாதிக் கணக்கு. வரிசையைக் குறைக்க நல்ல வழி இடங்களைச் சீராக, ஆண்டுதோறும், முன்கூட்டியே அறிவித்த நாட்களில் நிரப்புவதும், உள்ளே கிடைக்கும் ஊதியத்துக்கும் வெளியே கிடைக்கும் ஊதியத்துக்கும் உள்ள இடைவெளியைத் தொடக்க நிலையிலேனும் சுருக்குவதுமே என்பது என் கருத்து. இரண்டாவது பகுதி அரசியல் வகையில் எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியாதது அல்ல.

2003இல் தமிழ்நாடு கடுமையான வழியை முயன்று பார்த்தது. வேலைநிறுத்தத்தில் இறங்கிய ஏறத்தாழ 1.7 லட்சம் பேரை ஜூலையில் அரசு ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அவர்களில் மிகப் பெரும்பாலோர் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டார்கள். அந்த அதிர்ச்சி நிலைக்கவில்லை. நிலைத்தவை அதே ஆண்டில் ஓசையின்றி நடந்த இரண்டு: பற்றாக்குறைக்கு வரம்பு வைக்கும் நிதிப் பொறுப்புடைமைச் சட்டமும், ஏப்ரல் 1க்குப் பின் பணியில் சேர்ந்தவர்களுக்கு, ஊழியரும் அரசும் மாதந்தோறும் பணம் போட்டுச் சேர்க்கும் பங்களிப்பு ஓய்வூதியமும். பழைய ஓய்வூதியம், இன்று வேலை வாங்கி, செலவை முப்பது ஆண்டு கழித்து வரி கட்டப்போகிறவர் தலையில் எழுதும் முறை. அந்தச் செலவை இன்றே கணக்கில் காட்டினால், ஓர் ஊழியரை நியமிக்க உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று நியமிக்கும்போதே தெரியும். ராஜஸ்தான், இமாச்சலப் பிரதேசம் போன்ற மாநிலங்கள் பழைய முறைக்குத் திரும்பியதையும், மத்திய அரசு 2025 ஏப்ரல் முதல் கடைசிக்கால அடிப்படை ஊதியத்தில் பாதியை உறுதியளிக்கும் திட்டத்தைக் கொண்டுவந்ததையும் பார்க்கும்போது, முதுமையில் நிச்சயம் வேண்டும் என்ற கோரிக்கையின் வலிமை புரிகிறது. அந்தக் கோரிக்கை நியாயமானது. அதற்கான நிதியை ஆண்டுதோறும் ஒதுக்கி வைக்காமல் வாக்குறுதி மட்டும் தருவது நியாயமல்ல. 2020இல் ஓய்வு வயதை 58லிருந்து 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் தமிழ்நாடு உயர்த்தியதில் நடந்ததும் ஒத்திவைப்புதான்: பணிக்கொடையும் மற்ற ஓய்வுக்காலப் பலன்களும் இரண்டு ஆண்டு தள்ளிப்போயின, அந்த இடங்களுக்கு வரவேண்டிய இளைஞர்களும் அதே இரண்டு ஆண்டு தள்ளிப்போனார்கள்.

பொதுச் செலவு உறுதியாகச் சுமையாகும் இடம் என்று என்னைக் கேட்டால், அன்றாடச் செலவுக்காக ஆண்டுக்கு ஆண்டு கடன் வாங்கும் இடத்தைக் காட்டுவேன். 2013-14 முதல் தமிழ்நாட்டில் தொடர்ந்து வருவாய்ப் பற்றாக்குறை, அதாவது வருவாயை மிஞ்சும் அன்றாடச் செலவு, இருக்கிறது. 2025-26 மதிப்பீட்டில் நிதிப் பற்றாக்குறை, அதாவது மொத்தச் செலவை ஈடுகட்டக் கடனாக வாங்க வேண்டிய தொகை, 1,06,963 கோடி. அதற்குள் வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி. அதாவது பற்றாக்குறையை ஈடுகட்ட வாங்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் ஏறத்தாழ 39 ரூபாய், நாளை வருமானம் ஈட்டித் தரும் எந்தச் சொத்தாகவும் ஆகாமல் அன்றே செலவழிகிறது. மேலே சொன்னபடி வருவாய்ச் செலவிலும் ஆசிரியர் சம்பளம் போன்ற பலனுள்ளவை உண்டு என்பதால் இந்த 39 ரூபாயும் வீண் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆண்டுதோறும் வரும் செலவை ஆண்டுதோறும் வரும் வருவாயிலிருந்து செய்ய முடியவில்லை என்பது அதன் பொருள். இந்தக் கடனுக்குக் கட்டும் வட்டி பெரும்பாலும் வங்கிகள், ஆயுள் காப்பீட்டு நிறுவனம், வருங்கால வைப்பு நிதி வழியாக நம்முடைய சேமிப்புக்கே திரும்புகிறது என்பது உண்மைதான். ஆனால் வரி எல்லோரிடமும் எடுக்கப்படுகிறது, வட்டி சேமிப்பு உள்ளவர்களுக்குப் போகிறது. அரசு பெரிய அளவில் கடன் சந்தையில் நிற்கும்போது சிறுதொழில்காரருக்குக் கிடைக்கும் கடனின் வட்டியும் இறங்க மறுக்கிறது.

இலங்கையின் கதையை இங்கே பலரும் தவறாக மேற்கோள் காட்டுகிறார்கள். 2.2 கோடி மக்களுக்கு ஏறத்தாழ 14 லட்சம் அரசுப் பணியாளர்கள். 2020இல் பட்டதாரிகளையும் வருமானம் குறைந்த குடும்பத்தினரையும் பெருமளவில் சேர்த்தார்கள். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தினார்கள். ஆகவே அரசு வேலைதான் நாட்டைக் கவிழ்த்தது என்பது அந்த வாதம். ஆள்சேர்ப்பு தேவையைப் பார்த்து நடக்கவில்லை, தேர்தலைப் பார்த்து நடந்தது என்பதை ஏற்கிறேன். ஆனால் 2019 டிசம்பரில் அங்கே பெறுமதி சேர் வரியை (வாட் வரியை) 15லிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள். ஆண்டு விற்பனை 1.2 கோடி ரூபாய் இருந்தாலே வரிக்குப் பதிய வேண்டும் என்றிருந்த வரம்பை 30 கோடியாக உயர்த்தினார்கள். ஏற்கெனவே மெலிந்திருந்த வரி வருவாய் சரிந்தது, அந்த இடைவெளியை மத்திய வங்கி பணம் அச்சிட்டு நிரப்பியது, சுற்றுலா நின்றது, டாலர் தீர்ந்தது, 2022 செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. பெரிய அரசைச் சிறிய வரியில் நடத்த முயன்றதுதான் அங்கே நடந்த பிழை. நார்வே பெரிய அரசுக்குப் பெரிய வரியைக் கட்டுகிறது. எண்ணெய் வருமானமும் அதற்கு இருக்கிறது. ஆனால் அதை ஒரு நிதியத்தில் சேர்த்து வைத்து, ஆண்டுக்குச் சிறு பங்கை மட்டும் எடுக்கிறது.

உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை: தனியாரால் தனித்துச் செய்ய முடியாத பணிகளில் அரசுச் செலவு தனியாரை வளர்க்கிறது, மந்தக் காலச் செலவும் செழிப்புக் காலச் செலவும் ஒன்றல்ல, ஊதியத்தைக் கூட்டுவதால் மட்டும் பணி சிறப்பதில்லை, வரி போதாத இடத்தில் வேலைவாய்ப்பைக் கடனில் கூட்ட முடியாது. சந்தேகத்துக்கு இடமுள்ளவையும் உண்டு. ஒரு மாநில அளவில் பெருக்க விளைவு எவ்வளவு என்பதை யாரும் திட்டவட்டமாக நிறுவவில்லை. நிரந்தரப் பணியின் பாதுகாப்பு ஊழியரை நேர்மையாகவும் துணிவாகவும் நடக்கவைக்கிறதா, அலட்சியமாக்குகிறதா என்பதில் சான்றுகள் இரு பக்கமும் கிடக்கின்றன. என் அனுபவத்திலும் இரண்டு வகையினரும் இருந்தார்கள். சத்துணவு, காலை உணவு போன்ற செலவுகளின் பலன் அந்தக் குழந்தைகள் வளர்ந்து வேலைக்குப் போகும்போதுதான் முழுமையாகத் தெரியும். அதுவரை அவற்றைச் சுமைப் பட்டியலில் சேர்ப்பது அவசரம் என்பது என் கணிப்பு, நிரூபணம் அல்ல.

நண்பர் இதைத் தாமே சரிபார்க்க விரும்பினால், அடுத்த நிதிநிலை அறிக்கை வரும் நாளில் சம்பளத் தொகையைப் பார்ப்பதற்கு முன், நிதிப் பற்றாக்குறையில் வருவாய்ப் பற்றாக்குறை எத்தனை பங்கு என்று வகுத்துப் பாருங்கள். அந்தப் பங்கு முந்தைய ஆண்டைவிடக் குறைந்திருந்தால், அது எதனால் குறைந்தது என்பதைத் ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குச் சட்டமன்றத்தில் நிதி கேட்கும் மானியக் கோரிக்கைகளில் தேடுங்கள். பத்திரப் பதிவும் வணிக வரியும் நன்றாக வசூலாகிக் குறைந்திருந்தால், கூடுதலாக ஆட்களை நியமிக்கும் வலிமை அரசுக்கு வந்திருக்கிறது என்று கொள்ளலாம். பள்ளியிலும் மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் ஓய்வுபெற்றவர்களின் இடங்களை நிரப்பாமல் விட்டதால் குறைந்திருந்தால், அதைச் சேமிப்பு என்று நான் கணக்கில் எடுக்கமாட்டேன்.